பாட் பெனட்டார்: வெற்றிப் பாடல்களும் அந்தக் குரலும்

கருப்புவட்டு எழுதியது:

ராக் பாடகிகள் என்று பேச்செடுத்தால் ஜானிஸ் ஜாப்ளின், டினா டர்னர், ஸ்டீவி நிக்ஸ் என்று போய்விடுகிறோம். பாட் பெனட்டார் பெயர் வந்தால் "எண்பதுகளில் இரண்டு மூன்று ஹிட் கொடுத்தவர்தானே" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை, அதனால்தான் இந்த இழை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1979 முதல் 1988 வரை அமெரிக்க பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் அவருடைய பாடல்கள் 15 வந்தன. "ஹிட் மீ வித் யுவர் பெஸ்ட் ஷாட்", "லவ் இஸ் எ பேட்டில்ஃபீல்ட்", "வி பிலாங்", "இன்வின்சிபிள்" ஆகிய நான்கும் முதல் பத்துக்குள் போனவை. 1981இல் வந்த "பிரஷியஸ் டைம்" ஆல்பம் முதலிடம் பிடித்தது. சிறந்த ராக் பாடகிக்கான கிராமி விருது 1981 தொடங்கி 1984 வரை நான்கு வருடமும் அவருக்கே போனது.

இனி எனக்கு முக்கியமான விஷயம். தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடினால்தான் ராக் என்று பலர் நினைக்கிறார்கள். ஜாப்ளினுக்கு அது அழகு, மறுக்கவில்லை. பெனட்டாரின் வழி வேறு. இளம் வயதில் ஓபரா பாணியில் முறையாகப் பயிற்சி எடுத்தவர் அவர். மேல் ஸ்தாயியில் நின்று முழு பலத்தோடு பாடும்போதும் சுருதி இம்மியும் விலகாது. மூச்சு எங்கே எடுக்கிறார் என்றே தெரியாது. அவ்வளவு அடக்கம் உள்ள குரலில் ஆத்திரம் வரும்போது, அது கட்டுக்கடங்காமல் கத்துவதைவிட ஆழமாகத் தைக்கிறது. அவருடைய சிறந்த பாடல்கள் எல்லாமே இந்த இழுபறியில்தான் உயிர் வாழ்கின்றன என்பது என் கட்சி.

உங்களுக்குப் பிடித்த பாடல் எது, ஏன் பிடிக்கிறது என்று எழுதுங்கள். பட்டியல் மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

இரவுவானொலி எழுதியது:

நல்ல இழை. அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், குரலைப் பற்றி நீங்கள் சொன்னதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

1953இல் புரூக்ளினில் பிறந்தவர். இயற்பெயர் பாட்ரீசியா மே ஆண்ட்ரஜெவ்ஸ்கி. லாங் ஐலண்டில் லிண்டன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் வளர்ந்தார். ஜூலியார்ட் இசைப் பள்ளிக்குப் போகலாம் என்ற பேச்செல்லாம் இருந்தது, போகவில்லை. சின்ன வயதிலேயே திருமணம். கணவர் ராணுவத்தில் இருந்ததால் வர்ஜீனியாவுக்கு இடம் மாறி, அங்கே ஒரு வங்கியில் காசாளராக வேலை பார்த்தார். ரிச்மண்டில் லைசா மினெல்லியின் நிகழ்ச்சியைப் பார்த்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார். அப்புறம் உணவு பரிமாறிக்கொண்டே பாடும் வேலை, விடுதிகளில் வாசிக்கும் ஒரு சின்னக் குழு என்று சில காலம்.

1975இல் நியூயார்க் திரும்பி, "கேட்ச் எ ரைசிங் ஸ்டார்" என்ற நகைச்சுவைக் கிளப்பில் புதுமுகங்களுக்கான இரவில் மேடை ஏறினார். பாடியது ராக் இல்லை, ஜூடி கார்லண்டால் புகழ் பெற்ற ஒரு பழைய பாட்டு. கிளப்பின் உரிமையாளர் ரிக் நியூமன் அந்தக் குரலைக் கேட்டு ஓடி வந்தார், பிறகு அவரே மேலாளரும் ஆனார்.

1977 ஹாலோவீன் இரவு இன்னொரு திருப்பம். ஒரு பழைய விண்வெளிப் படத்தில் வருகிற பாத்திரம் போலக் கருப்பு உடையும் கண்மையும் போட்டுக்கொண்டு வேடப் போட்டிக்குப் போனவர், வேடத்தைக் கலைக்காமல் அப்படியே கிளப்புக்கு வந்து பாடினார். வழக்கமாகப் பாடுகிற அதே பாடல்கள்தான், ஆனால் அன்றைக்குக் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. உடை மாறியதும் நிற்கிற விதம் மாறிவிட்டது, நிற்கிற விதம் மாறியதும் பாட்டும் மாறிவிட்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அடுத்த வருடமே கிரிசாலிஸ் இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது.

புதுக்காது எழுதியது:

எனக்கு "லவ் இஸ் எ பேட்டில்ஃபீல்ட்" மட்டும்தான் தெரியும். அதைக் கேட்டுத்தான் இங்கே வந்தேன். ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விக்கிப்பீடியாவில் பார்த்தால் அவருடைய பெரிய ஹிட் எல்லாமே வேறு யாரோ எழுதியதாக இருக்கிறது. சிலது ஏற்கெனவே வேறு ஆட்கள் பாடியது. அப்படியென்றால் இவரைப் பெரிய ராக் கலைஞர் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

கருப்புவட்டு எழுதியது:

நியாயமான கேள்வி. இதைக் கேட்காமல் பெனட்டாரைப் பற்றிப் பேசவே கூடாது.

நீங்கள் சொல்வது உண்மை. "ஹார்ட்பிரேக்கர்" பாட்டை 1978இல் ஜென்னி டேரன் என்ற பிரிட்டிஷ் பாடகி முதலில் பாடினார். "யூ பெட்டர் ரன்" 1966இல் யங் ராஸ்கல்ஸ் பாடியது. "ஷேடோஸ் ஆஃப் தி நைட்" பாட்டை டி. எல். பைரன் "டைம்ஸ் ஸ்கொயர்" என்ற படத்துக்காக எழுதினார். படத்தில் அது சேரவில்லை. பெனட்டாரிடம் வருவதற்கு முன் ஹெலன் ஷ்னைடர், ரேச்சல் ஸ்வீட் இருவரும் பாடிவிட்டார்கள். "ஹிட் மீ வித் யுவர் பெஸ்ட் ஷாட்" கனடாக்காரர் எடி ஷ்வார்ட்ஸ் எழுதியது. கேட் புஷ்ஷின் "வதரிங் ஹைட்ஸ்" பாட்டைக்கூட 1980 ஆல்பத்தில் சேர்த்திருக்கிறார், அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஜென்னி டேரனின் "ஹார்ட்பிரேக்கர்" கேளுங்கள், உடனே பெனட்டாரின் பதிவைக் கேளுங்கள். டேரன் பாடியது நல்ல பாட்டு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெனட்டார் பாடும்போது பாட்டில் இருப்பவள் யார் என்பதே மாறிவிடுகிறது. சரணத்தில் குரலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, சொற்களைக் கடித்துத் துப்புவது போலப் பாடுகிறார். பல்லவி வந்ததும் அந்தப் பிடியை விட்டுவிடுகிறார். விட்ட இடத்தில் குரல் மேலே ஏறி அகலமாகத் திறக்கிறது. அந்த ஏற்றத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மனம் உடைந்ததைச் சொல்லும் பாட்டில் குரல் உடையவே மாட்டேன் என்கிறது. எழுதியவர் காகிதத்தில் வைக்காத ஒரு அர்த்தம் இப்படித்தான் உள்ளே வருகிறது.

"ஷேடோஸ் ஆஃப் தி நைட்" எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல் குரல்கள் மட்டும் அடுக்கடுக்காகப் பல்லவியைப் பாடி ஆரம்பிக்கும். அந்த எடுப்பைக் கேட்ட பிறகு வேறு யார் பாடினாலும் மனசு ஒப்பாது.

பாட்டு எழுதுவது ஒரு கலை, எழுதிய பாட்டுக்கு உயிர் கொடுப்பது இன்னொரு கலை. நம் ஊர்ப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ராக் உலகில் மட்டும்தான் தானே எழுதாதவர் அரைக் கலைஞர் என்ற எண்ணம் ஊறிப்போய் இருக்கிறது. அது பெனட்டாருக்கு ரொம்ப நாள் அநியாயம் செய்தது.

இன்னொன்று, அவர் எழுதவே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. "ப்ராமிஸஸ் இன் தி டார்க்" அவரும் அவருடைய குழுவின் கிட்டார் கலைஞர் நீல் ஜிரால்டோவும் சேர்ந்து எழுதியது. "ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்" பாட்டிலும் அவர் கை இருக்கிறது.

ஆறுதந்தி எழுதியது:

ஜிரால்டோ பெயர் இப்போதுதான் வந்தது, சந்தோஷம். அவரைச் சொல்லாமல் பெனட்டாரைப் பற்றிப் பேசுவது பாதிக் கதை.

ரிக் டெரிஞ்சர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர். முதல் ஆல்பமான "இன் தி ஹீட் ஆஃப் தி நைட்" பதிவுக்காக 1979இல் வந்து சேர்ந்தார். அந்த ஆல்பத்திலேயே "வி லிவ் ஃபார் லவ்" அவர் எழுதியது. கிட்டார் மட்டும் இல்லை, கீபோர்டு, இசைக்கோப்பு, பிறகு தயாரிப்பு என்று எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். 1982இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் ஒரே மேடையில் சேர்ந்து நிற்கிறார்கள்.

கிட்டார் வாசிக்கிறவனாக ஒன்று சொல்கிறேன். ஜிரால்டோவின் பெரிய குணம், பாடகியின் வழியை மறிக்க மாட்டார். "ப்ராமிஸஸ் இன் தி டார்க்" தொடக்கத்தில் பாட்டு மெதுவாக, ஏறக்குறைய தாலாட்டு போல நடக்கும். குரல் முழுக்க முன்னால் இருக்கும். திடீரென்று டிரம்ஸ் விழுந்து வேகம் பிடிக்கும்போது கிட்டார் குரலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது, குரல் நிறுத்தும் இடத்தில் மட்டும் முன்னால் வருகிறது. கடைசியில் தனி ஆவர்த்தனம் கிடைக்கும்போதுதான் கொட்டித் தீர்க்கிறார். அந்த ஒரு பாட்டை வைத்து ராக் பாட்டுக்கு எப்படிக் கிட்டார் வாசிக்க வேண்டும் என்று பாடமே எடுக்கலாம். பட்டியலில் அது 38ஆம் இடத்தோடு நின்றுவிட்டது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

டிரம்ஸ் மைரன் கிராம்பேக்கர். அவரைப் பற்றி யாராவது தனியாக எழுதுங்கள்.

தாளக்கட்டை எழுதியது:

கிராம்பேக்கரைக் கூப்பிட்டதும் வந்துவிட்டேன். 1980இன் "கிரைம்ஸ் ஆஃப் பேஷன்" ஆல்பத்திலிருந்து அவர்தான் டிரம்ஸ். ஜிரால்டோவைப் போலவே டெரிஞ்சர் குழுவிலிருந்து வந்தவர். "ட்ரீட் மீ ரைட்" கேட்டால் போதும், பாட்டை எங்கே பின்னுக்கு இழுப்பது, எங்கே தள்ளிவிடுவது என்று எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது அவருக்கு!

ஆனால் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெனட்டார் என்றால் முதல் நான்கு ஆல்பங்கள்தான். 1979 முதல் 1982 வரை. "லவ் இஸ் எ பேட்டில்ஃபீல்ட்" வந்ததும் மின்னணுத் தாளம், சின்தசைசர் என்று ஆகிவிட்டது. கிராம்பேக்கர் மாதிரி ஒரு ஆளைக் குழுவில் வைத்துக்கொண்டு இயந்திரத் தாளத்தை எதற்கு முன்னால் நிறுத்த வேண்டும்? "வி பிலாங்" இனிமையான பாட்டு, ஒத்துக்கொள்கிறேன். ராக் எங்கே அதில்?

மழைக்குருவி எழுதியது:

தாளக்கட்டை அண்ணா, உங்களோடு உடன்பட முடியவில்லை. அதற்கு முன் "ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்" பற்றிச் சொல்ல வேண்டும், யாரும் இன்னும் விரிவாகத் தொடவில்லை.

குழந்தைகள் மீதான வன்முறை பற்றி நியூயார்க் டைம்ஸில் வந்த கட்டுரைகளைப் படித்து அதிர்ந்துபோய் எழுதிய பாட்டு அது. பெனட்டார், ஜிரால்டோ, பாஸ் வாசித்த ரோஜர் கேப்ஸ் மூன்று பேரும் சேர்ந்து எழுதினார்கள். வருடம் 1980. வீட்டுக்குள் நடக்கும் கொடுமையைப் பற்றி வானொலியில் ஓடுகிற ராக் பாட்டு யாரும் போடாத காலம். இதில் காதல் இல்லை, பிரிவு இல்லை. அடி வாங்கிய குழந்தை வெளியில் சொல்லாமல் மறைப்பதைப் பற்றிப் பாடுகிறார்.

அந்தப் பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஆரம்பம் மெதுவாக, கிட்டார் ஒவ்வொரு தந்தியாகச் சொட்ட, குரல் தணிந்து வருகிறது. அழுகிற குரல் இல்லை. அழுதால் கேட்கிறவர் பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இவர் நிதானமாக, கண்ணைப் பார்த்துப் பேசுகிற மாதிரி பாடுகிறார். பல்லவி வரும்போது குழு முழுக்கச் சேர்ந்து கனம் கூடுகிறது. முடிவில் வேகம் இரட்டித்து வாத்தியங்கள் எல்லாம் வெறிகொண்டு ஓடும். சொல்லால் சொல்ல முடியாததை அந்த வேகம் சொல்லிவிடுகிறது. இது தனிப் பாடலாகப் பெரிய ஹிட் இல்லை. பட்டியலை மட்டும் பார்க்கிறவர்கள் கண்ணில் படவே படாது. ஆனால் இத்தனை வருடக் கச்சேரிகளில் இதைத் தொடர்ந்து பாடி வந்திருக்கிறார்.

சரி, இப்போது "பேட்டில்ஃபீல்ட்". ஹாலி நைட்டும் மைக் சாப்மேனும் எழுதியபோது அது மெதுவான பாட்டு. வேகத்தைக் கூட்டி அந்த ஓட்டத்தைக் கொடுத்தது ஜிரால்டோ. இயந்திரத் தாளம் இருப்பது உண்மை, ஆனால் அது அங்கே ஒரு வேலை செய்கிறது. கீழே தாளம் விடாமல், உணர்ச்சியே இல்லாமல் துடிக்கிறது, மேலே மனிதக் குரல் அதோடு மல்லுக்கட்டுகிறது. பாட்டின் பொருளே அதுதானே? அமெரிக்காவில் ராக் வானொலிப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடம், ஆஸ்திரேலியாவிலும் முதலிடம். ராக் கேட்கிறவர்கள்தான் அதை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

இரவுவானொலி எழுதியது:

மழைக்குருவி எழுதியதோடு அந்த வீடியோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் பாப் ஜிரால்டி, நடனம் மைக்கேல் பீட்டர்ஸ். மைக்கேல் ஜாக்சனின் "பீட் இட்" வீடியோவைச் செய்த அதே இருவர். இசை வீடியோவில் நடுவே வசனம் வைப்பது அப்போது புதுசு. வீட்டை விட்டுப் போனால் திரும்பி வராதே என்று தகப்பன் கோபத்தில் மகளிடம் கத்துகிறார், அவள் நகரத்துக்குப் போகிறாள், ஒரு கிளப்பில் காசுக்கு ஆடும் பெண்களோடு சேர்கிறாள். அங்கே ஒருத்தியிடம் கிளப் நடத்துகிறவன் முரட்டுத்தனமாக நடந்துகொள்ள, பெண்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்து தோளைக் குலுக்கி ஆடியபடியே அவனை நெருங்கிப் பின்வாங்க வைக்கிறார்கள். கையில் ஆயுதம் இல்லை, அடிதடி இல்லை, வெறும் நடனம்தான். பிறகு எல்லோரும் விடியற்காலைத் தெருவில் கிளம்பிப் போகிறார்கள். நடுவில் அவளுடைய தம்பி அக்காவின் கடிதத்தை வீட்டில் உட்கார்ந்து படிக்கும் ஒரு காட்சி வரும். அந்தப் பையனின் முகத்துக்காகவே நான் இந்த வீடியோவைப் பார்ப்பேன்.

வீடியோ பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி இசை வீடியோக்களுக்கான எம்டிவி தொலைக்காட்சி தொடங்கியபோது முதலில் போட்டது பகிள்ஸ் குழுவின் பாட்டு. இரண்டாவது பெனட்டாரின் "யூ பெட்டர் ரன்". ஆக, அந்தத் தொலைக்காட்சியில் வந்த முதல் பெண் கலைஞர் அவர்தான். பழைய கிடங்கு மாதிரி ஒரு இடம், கோடு போட்ட சட்டை, கேமராவை முறைக்கும் பார்வை. சிரித்துக்கொண்டு நளினமாக நிற்க வேண்டும் என்று பாடகிகளிடம் எதிர்பார்த்த காலத்தில் அந்த முறைப்பு எத்தனை பெண்களுக்குத் தெம்பு கொடுத்திருக்கும்! அடுத்த வருடம் வந்த "ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மாண்ட் ஹை" படத்தில் பள்ளிப் பெண்கள் அவரைப் போலவே உடுத்தி வருவதைப் பற்றி ஒரு காட்சியே உண்டு.

தாளக்கட்டை எழுதியது:

மழைக்குருவி, "தாளத்தோடு குரல் மல்லுக்கட்டுகிறது" என்று சொன்னது என்னை யோசிக்க வைத்தது. "பேட்டில்ஃபீல்ட்" வரை உங்கள் பக்கம் வருகிறேன். "டிராபிகோ" ஆல்பம் முழுவதையும் அப்படி ஏற்கச் சொல்லாதீர்கள், எனக்குக் கனமான கிட்டார் வேண்டும்.

மழைக்குருவி எழுதியது:

"டிராபிகோ" பதிவான 1984இல் அவர் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். மகள் 1985 பிப்ரவரியில் பிறந்தாள். அந்த ஆல்பத்தின் மென்மையைச் சந்தைக்கான சமரசம் என்று நான் பார்க்கவில்லை. வாழ்க்கை ஒரு இடத்துக்கு வந்தது, குரலும் அங்கே வந்தது. "வி பிலாங்" எரிக் லோவன், டான் நவரோ இருவரும் எழுதியது, ஐந்தாம் இடம் வரை போனது. அதில் அவர் குரலை எங்கேயும் ஓங்கவே இல்லை என்று முதலில் தோன்றும். கூட்டுக்குரல்களுக்கு நடுவே கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ஓங்கியிருக்கிறார், ஆனால் கோபமில்லாமல் ஓங்கியிருக்கிறார். பலத்தைக் கோபம் இல்லாமல் காட்டுவது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு கோணமும் இருக்கிறது. 1979 தொடங்கி 1985 வரை வருடத்துக்கு ஒரு ஆல்பம் வந்திருக்கிறது. நடுவில் இடைவிடாத சுற்றுப்பயணம், பிறகு கர்ப்பம், குழந்தை. கைக்குழந்தை இருக்கும்போதே அடுத்த ஆல்பத்தின் வேலை. "செவன் தி ஹார்ட் வே" என்று ஏழாவது ஆல்பத்துக்குப் பெயர் வைத்ததில் அந்தக் களைப்பு தெரிகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஆண் ராக் பாடகர் அப்பா ஆனபோது அவருடைய தொழில் முடிந்துவிடுமா என்று யாராவது கவலைப்பட்டார்களா? 2010இல் வந்த தன் சுயசரிதையில் அந்தக் காலத்து நெருக்கடிகளை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆங்கிலம் படிக்கிறவர்கள் தேடிப் படியுங்கள்.

கருப்புவட்டு எழுதியது:

இந்த இழை நான் நினைத்ததைவிட நன்றாகப் போகிறது.

கிராமி பற்றி ஒரு சுவையான தொடர்பு. 1984 விழாவில் பெனட்டார் வாங்கிய நான்காவது விருது "பேட்டில்ஃபீல்ட்" பாட்டுக்கு. அதே பிரிவில் அடுத்த மூன்று வருடமும் வாங்கியவர் டினா டர்னர். அதில் முதல் இரண்டும், அதாவது "பெட்டர் பி குட் டு மீ", "ஒன் ஆஃப் தி லிவிங்", இரண்டிலும் ஹாலி நைட்டின் பெயர் இருக்கிறது. பெனட்டாரின் "இன்வின்சிபிள்" பாட்டையும் அவர் சைமன் கிளைமியோடு சேர்ந்து எழுதினார். டர்னரின் "தி பெஸ்ட்" அவரும் சாப்மேனும் எழுதியது. எண்பதுகளின் பெண் ராக் குரலுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணின் பேனா இருந்தது. இந்தப் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"கிரைம்ஸ் ஆஃப் பேஷன்" ஏன் முதலிடம் பிடிக்கவில்லை என்று ஒரு நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். 1980 டிசம்பரில் ஜான் லென்னன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவரும் யோகோ ஓனோவும் வெளியிட்டிருந்த "டபுள் ஃபேண்டசி" முதலிடத்தில் நின்றது. அதற்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் பெனட்டார். உலகமே துக்கத்தில் இருந்த நேரம், அதில் குறைப்பட ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மட்டும் அந்த ஆல்பம் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

ஆறுதந்தி எழுதியது:

அந்த ஆல்பத்தின் பெரிய ஹிட்டைத்தான் அவர் 2022இல் மேடையில் பாடுவதை நிறுத்தினார், தெரியுமா? "ஹிட் மீ வித் யுவர் பெஸ்ட் ஷாட்". அமெரிக்காவில் தொடர்ந்து நடக்கும் துப்பாக்கிச் சூடுகளில் இறந்தவர்களின் குடும்பங்களை நினைத்து, தலைப்பில் உள்ள அந்தச் சொல்லைச் சிரித்த முகத்தோடு பாட முடியவில்லை என்று அப்போது பேட்டி கொடுத்தார். பாட்டின் பொருள் அது இல்லை என்பது அவருக்கும் தெரியும், ரசிகருக்கும் தெரியும். மனநல சிகிச்சை ஒன்றில் தலையணையைக் குத்திய அனுபவத்திலிருந்து தோன்றியது என்று எழுதிய ஷ்வார்ட்ஸ் சொல்லியிருக்கிறார். இருந்தும் நிறுத்தினார்.

சிலர் இதை மிகை என்றார்கள். அவருக்கு முதன்முதலாக முதல் பத்துக்குள் போன பாட்டு, டிக்கெட் வாங்கி வருகிற ஒவ்வொருவரும் கேட்க ஆசைப்படும் பாட்டு. அதை விட்டுக்கொடுப்பது அவருக்குத்தான் இழப்பு. நாற்பது வருடத்துக்கு முன் குழந்தைகளுக்காக "ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்" பாட்டை எழுதியவர் இன்று இப்படிச் செய்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நான் அவர் பக்கம்.

தாளக்கட்டை எழுதியது:

எனக்கு இதில் இரண்டு மனசு. பாட்டை நிறுத்தியது அவர் உரிமை, காரணத்தையும் மதிக்கிறேன். ஆனால் பயந்து ஒடுங்கியிருக்கும் ஒரு பெண்ணுக்கு "வா, உன்னால் முடிந்ததைச் செய், நான் எழுந்து நிற்பேன்" என்று சொல்கிற பாட்டு அது. அந்தத் தெம்பும் இன்றைக்குத் தேவைதானே? பதிவில் கேட்டுக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல்.

இரவுவானொலி எழுதியது:

ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விஷயத்தையும் பதிவு செய்துவிடலாம். 2020இல் பரிந்துரைப் பட்டியலில் பெயர் வந்து, தேர்வாகவில்லை. 2022இல் தேர்வானபோது பெனட்டார், ஜிரால்டோ இருவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். மேடையில் அறிமுகம் செய்தவர் பாடகி ஷெரில் க்ரோ. ஆறுதந்தி சொன்ன அந்தப் பாதிக் கதை அன்றைக்குத்தான் முழுசாக எழுதப்பட்டது. தகுதி பெற்றுப் பல வருடம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள் என்பதில் எனக்குக் கோபம் உண்டு. நான்கு கிராமி, இத்தனை ஆல்பம், எம்டிவியின் முதல் பெண் முகம், இன்னும் என்ன காட்ட வேண்டியிருந்தது?

புதுக்காது எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜென்னி டேரன், பெனட்டார் இரண்டு "ஹார்ட்பிரேக்கர்" பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டேன். கருப்புவட்டு சொன்ன அந்தப் பிடியை விடும் இடம் நன்றாகவே கேட்கிறது. "ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்" கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் போட முடியவில்லை.

இனி முழு ஆல்பமாகக் கேட்க நினைக்கிறேன். 1989இல் வந்த "பெஸ்ட் ஷாட்ஸ்" தொகுப்பிலிருந்து தொடங்கலாமா, அல்லது ஆல்பங்களை வரிசையாகவா?

கருப்புவட்டு எழுதியது:

தொகுப்பு கையில் இருந்தால் நல்லதுதான், ஆனால் தொகுப்பில் ஹிட்டுக்குப் பக்கத்தில் ஹிட் வரும். ஒரு பாட்டு மூச்சு விட்டு இன்னொன்று எழுவது ஆல்பத்தில்தான் தெரியும். "கிரைம்ஸ் ஆஃப் பேஷன்" முதலில். அதில் "ஹிட் மீ" இருக்கிறது, "ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்" இருக்கிறது, "வதரிங் ஹைட்ஸ்" இருக்கிறது. ஒரே குரல் இத்தனை வேலை செய்வதை ஒரே உட்காரலில் கேட்கலாம். அப்புறம் "பிரஷியஸ் டைம்", அதில் "ஃபயர் அண்ட் ஐஸ்", "ப்ராமிஸஸ் இன் தி டார்க்" இரண்டையும் சத்தமாக வையுங்கள். மூன்றாவதாக, தாளக்கட்டை மன்னிக்கட்டும், "டிராபிகோ".

தாளக்கட்டை எழுதியது:

மன்னித்தேன், ஆனால் "டிராபிகோ"வுக்கு முன்னால் "கெட் நெர்வஸ்" கேட்டுவிடுங்கள் தம்பி. "ஷேடோஸ் ஆஃப் தி நைட்" அதில்தான் இருக்கிறது. "லிட்டில் டூ லேட்" பாட்டில் கிராம்பேக்கரையும் கவனியுங்கள். கீபோர்டு சார்லி ஜியோர்டானோ, அந்த ஆல்பத்தில்தான் குழுவுக்கு வந்தார். பிற்பாடு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவில் வாசித்தவர்.

மழைக்குருவி எழுதியது:

நான் கடைசியாக ஒன்று சேர்க்கிறேன். 1988இன் "ஆல் ஃபயர்ட் அப்" அவருடைய கடைசி முதல் 40 பாட்டு, ஆஸ்திரேலியரான கெரின் டோல்ஹர்ஸ்ட் எழுதியது. அதைக் கேட்டுவிட்டு 1991இன் "ட்ரூ லவ்" ஆல்பத்துக்குப் போங்கள். ராக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, ஊதுகருவிகளோடு ஜம்ப் ப்ளூஸ் என்ற துள்ளலான பழைய பாணியில் பாடியிருக்கிறார். விற்பனையில் முந்தைய ஆல்பங்களின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் குரல் மேலே ஏறி நிற்க வேண்டும் என்ற அவசரமே இல்லாமல் கீழ் ஸ்தாயியில் சுகமாக உலாவுகிறது. இதே பாடகிதான் "ஹார்ட்பிரேக்கர்" பாடினார் என்றால் முதலில் நம்ப மாட்டீர்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், அதைப் பற்றி இங்கே யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை.